தோமையார் மலைப் படிகளில் நிற்கும் பெண்கள்

சிட்லபாக்கத்து மக்களுக்குப் புனித தோமையார் மலை தொலைவான திருத்தலமன்று. தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் கடந்து ஆறாவது நிலையத்தில் இறங்கிவிடலாம். அண்மையில் இருப்பதாலேயே நம்மவருள் பலர் அங்கே செல்வதை ஒத்திப்போடுகின்றனர்.

மலையின் உயரம் ஏறத்தாழ 300 அடி. இக்காலத்தில் உச்சிவரை வாகனங்கள் செல்லும் பாதை உண்டு. ஆயினும் படிவழியே ஏறுவதுதான் சிறப்பு. அப்படிகளை 18-ஆம் நூற்றாண்டில் தம் சொந்தச் செலவில் அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையருகே அடையாற்றின்மேல் பாலம் கட்டியவரும் அவரே. அப்படிவழியில்தான் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளும் அமைந்துள்ளன.

ஏறுகின்றவர் நான்காம் நிலையில் தேவதாயைக் காண்கிறார். ஆறாம் நிலையில் வெரோணிக்கா துகிலோடு வருகிறார். இவ்விரு சந்திப்புகளும் நற்செய்தி ஏடுகளில் இல்லை. பக்தி மரபு நமக்கு அளித்தவை. எட்டாம் நிலையின் எருசலேம் மகளிரைப் பற்றி லூக்கா எழுதியிருக்கிறார். நம் மறையுரைகள் பெரும்பாலும் இந்த நிலையோடு நின்றுவிடுகின்றன. பெண்கள் அழுதார்கள், ஆண்டவர் ஆறுதல் சொன்னார் என்று முடித்துவிடுகிறோம். அழுதவர்கள் என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிடுமானால் அது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்பேன்.

பன்னிரண்டாம் நிலையருகே சற்று நீண்ட நேரம் நிற்பது நன்று. மூச்சு வாங்கவும் அது உதவும். கைது செய்யப்பட்ட இரவிலேயே சீடர் அனைவரும் ஓடிப்போனார்கள் என்று மாற்கு மறைக்காமல் எழுதுகிறார். சிலுவையடியில் அன்புச் சீடர் ஒருவர் நின்றதாக அருளப்பர் கூறுகிறார். மற்றபடி அங்கே இருந்தவர்கள் பெண்களே: மரிய மதலேனாள், சின்ன யாகப்பரின் தாய் மரியாள், சலோமி, குளோப்பாவின் மனைவி மரியாள், எல்லோருக்கும் மேலாக ஆண்டவரின் தாய். எத்தனை மரியாக்கள்! படிக்கிறவர் குழம்பிவிடாதபடி இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்று நற்செய்தியாளர் அடையாளம் சொல்வதைக் கவனியுங்கள். சாட்சிகளின் பெயரை அப்படித்தான் பதிவு செய்வார்கள்.

மாற்கு அவர்களை மூன்று இடங்களில் பெயரிட்டு நிறுத்துகிறார். ஆண்டவர் உயிர்விட்டதைக் கண்டார்கள். அரிமத்தியா ஊர் சூசை உடலை எங்கே வைத்தார் என்பதைக் கண்டார்கள். மூன்றாம் நாள் அதே கல்லறைக்குச் சென்று கல் புரண்டு கிடப்பதைக் கண்டார்கள். நடுவில் உள்ளதை நாம் எளிதாகத் தாண்டிவிடுகிறோம். வெள்ளி மாலை அந்த இடத்தை அவர்கள் பார்த்துவைத்திராவிட்டால், ஞாயிறு காலை வேறொரு கல்லறைக்குப் போய்விட்டார்கள் என்று எவரும் சொல்லிவிடலாம். விசுவாச அறிக்கையில் நாம் சொல்லும் மரணம், அடக்கம், உயிர்ப்பு ஆகிய மூன்றையும் தொடர்ந்து கண்ட கண்கள் அவர்களுடையவை.

அவர்களுள் யோவன்னாளை நாம் நினைப்பதேயில்லை. அவள் ஏரோதின் அரண்மனை அலுவலன் கூசாவின் மனைவி. தன் உடைமையைக் கொண்டு ஆண்டவருக்கும் சீடருக்கும் உதவி வந்தவள். பெரிய வெள்ளியன்று ஆண்டவரை ஏளனம் செய்து பிலாத்திடம் திருப்பி அனுப்பியவன் அதே ஏரோது. ஞாயிறு காலை வெறுங்கல்லறையைக் கண்டு அப்போஸ்தலருக்கு அறிவித்த பெண்களில் லூக்கா இவள் பெயரையும் குறிக்கிறார். கணவனின் சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியாததன்று.

இதை உணர நாம் பாலஸ்தீனம்வரை போக வேண்டுவதில்லை. 1928-இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து காசநோயாளருக்காகத் தொடங்கிய மருத்துவமனையால்தான் நம் ரயில் நிலையத்திற்கே சானடோரியம் என்ற பெயர் வந்தது. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளர்களும் அங்கே வரத் தொடங்கினர். உறவினர் அஞ்சி விலகும் நோய்களில் படுக்கையருகே எஞ்சுவோர் பெரும்பாலும் தாயோ மனைவியோ சகோதரியோதான். நோயில் பூசுதல் அளிக்கச் செல்லும் குரு, இரவு எப்படிக் கழிந்தது, கடைசியாக என்ன பேசினார் என்று அவர்களைத்தான் கேட்கிறார். உடனிருந்தவருக்கே அது தெரியும்.

அக்காலத்து யூதரிடையே பெண்ணின் சாட்சியத்திற்கு மதிப்பில்லை. பெண்களின் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதுகிறார். கதை கட்ட நினைத்தவன் இத்தகைய சாட்சிகளை முன்னிறுத்தியிருக்க மாட்டான். அப்போஸ்தலர்களே அவர்கள் சொன்னதை வீண்பேச்சென்று தள்ளினார்கள்.

உச்சிக்கு வந்துவிட்டோம். இங்கே போர்த்துகீசியர் 1523-இல் ஆலயம் எழுப்பினர். 1547-இல் அத்திவாரம் தோண்டியபோது கிடைத்த பகலவி எழுத்துள்ள கற்சிலுவை பீடத்தில் இருக்கிறது. தோமையார் இரத்தம் சிந்திய இடமென்று மரபு போற்றும் மலை இது. கண்டாலொழிய நம்பேன் என்றதற்காக அவருக்குச் ‘சந்தேகத் தோமையார்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு மட்டும் அப்பெயரிட்டது நியாயமா? அதே நாள் காலையில் பெண்கள் கொணர்ந்த செய்தியை மற்ற அப்போஸ்தலர்களும் நம்பவில்லையே!

2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மரிய மதலேனாளின் நினைவு நாளை, அப்போஸ்தலரின் நாள்களுக்குச் சமமான விழாவாக உயர்த்தினார். தோமையாருக்கு ஜூலை 3, அவளுக்கு ஜூலை 22, ஒரே மாதம். படியேறிச் சிலுவைப்பாதை செய்ய விரும்பும் குடும்பங்கள் அந்த நாளையும் மனத்தில் கொள்ளலாம். அதிகாலை ரயிலில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் உச்சியை அடைந்துவிடலாம்.