பாயிண்டருக்குள் இரண்டு எழுத்து

பிரிண்ட்எஃப் ஒன்றை வைத்துக்கொண்டே சி மொழியில் பல வருஷம் காலம் தள்ளியவன் நான். புரோகிராம் எங்காவது விழுந்தால், சந்தேகப்படும் வரிக்கு மேலே 'இங்கே வந்தேன் 1', கீழே 'இங்கே வந்தேன் 2' என்று இரண்டு வரி சேர்ப்பேன். மறுபடி கம்பைல் செய்து ஓட்டுவேன். ஒன்று வந்து இரண்டு வராவிட்டால் கோளாறு நடுவில்தான். அப்புறம் அந்த நடுவுக்குள் இன்னும் நாலு பிரிண்ட்எஃப். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். ஒன்றிரண்டு தப்பி, கஸ்டமர் ஸ்கிரீனில் 'இங்கே வந்தேன் 7' என்று வந்து நின்றதும் உண்டு.

டிபக்கர் என்று ஒன்று இருப்பது தெரியாமல் இல்லை. கல்லூரி லேபில் டர்போ சி இருந்தது. கன்ட்ரோல் எஃப்9 அடித்தால் ஓடும், ஆல்ட் எஃப்5 அடித்தால் அவுட்புட் தெரியும். அதை ரெக்கார்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த வாரம் முடிந்தது. அதே நீலத் திரையில் எஃப்7 அடித்தால் ஃபங்ஷனுக்குள் வரிவரியாக இறங்கலாம், எஃப்8 அடித்தால் அதற்குள் நுழையாமல் தாண்டலாம் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. மெனுவில் 'டிபக்' என்று இருந்ததை நாங்களும் திறந்து பார்க்கவில்லை. வைவாவில் கேட்காத எதையும் தொடுவதில்லை என்பது எங்கள் கொள்கை.

வேலைக்கு வந்த இடத்தில் லினக்ஸ். அங்கே ஜிடிபி. பேப்பரில் வருகிற ஜிடிபி இல்லை, குனு டிபக்கர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுதியது. இன்றைக்கும் லினக்ஸில் சி, சி++ எழுதுபவர்களுக்கு அதுதான் கைக்கருவி. ஒருமுறை திறந்து பார்த்தேன். லைசென்ஸ் பற்றி ஒரு பத்தி, கீழே ஒரு அடைப்புக்குறிக்குள் அதன் பெயர், பக்கத்தில் கர்சர். என்ன அடிப்பது என்று தெரியவில்லை. மூடிவிட்டு பிரிண்ட்எஃப்புக்கே திரும்பினேன்.

நாங்கள் கோவைப் பக்கம் எடைமேடைகளுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். லாரி மேடையில் ஏறியதும் இண்டிகேட்டர் பெட்டி எடையை சீரியல் கேபிள் வழியாக அனுப்பும். லோடு எடை, காலி வண்டி எடை, கழித்தால் சரக்கு எடை, கையோடு ஒரு சீட்டு. மாசக் கடைசியில் பார்ட்டிவாரியாக பில். ஒரு மில்லில் இருந்து போன்: "பில் போடறப்ப புரோகிராம் தானா மூடிக்குதுங்க." எல்லா மாசமும் இல்லை. எங்கள் ஆபீஸில் ஒருதடவைகூட இல்லை.

பில் போடுவதில் மூன்று கட்டம். பார்ட்டி பட்டியலை ஃபைலில் இருந்து படிப்பது, பெயர்வரிசைப்படி அடுக்குவது, அச்சடிப்பது. வழக்கம்போல மூன்றிலும் பிரிண்ட்எஃப் போட்டு, அவுட்புட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு மில்லில் ஓட்டச் சொன்னேன். வந்த லாகில் 'படித்தாயிற்று' என்று இருந்தது. வரிசைப்படுத்தும் கட்டத்தின் நடுவே, ஒரு வரியின் பாதியில், லாக் நின்றிருந்தது. ஆக, சார்ட் ஃபங்ஷன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி அதை முழுசாகத் திருப்பி எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று இன்றைக்கும் சொல்வேன். புரோகிராம் முன்போலவே விழுந்தது.

வரியின் பாதியில் லாக் நிற்பதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிரிண்ட்எஃப் எழுதுவது நேரே ஃபைலுக்குப் போவதில்லை, ஒரு பஃபரில் சேரும். டெர்மினலில் ஓடும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் அது வெளியே தள்ளப்படும். ஃபைலுக்குத் திருப்பினால் பஃபர் நிறையும்வரை, பல நேரம் 4096 பைட் சேரும்வரை, உள்ளேயே இருக்கும். புரோகிராம் திடீரென்று செத்தால் பஃபரில் இருந்ததும் அதோடு போகும். அதாவது லாகின் கடைசி வரி, புரோகிராம் ஓட்டிய கடைசி வரி இல்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்திருக்கலாம்.

எங்கள் ஆபீஸில் மூத்தவர் ஒரு அக்கா. மெஷின் கன்ட்ரோலர் போர்டுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஸ்கிரீனே இல்லாத போர்டில் பிரிண்ட்எஃப் எங்கே போய் விழும்? அதனால் ஆரம்பம் முதலே டிபக்கரில் பழகியவர்.

"கோர் ஃபைல் இருக்குதா தம்பி?" என்றார்.

"இல்லைங்க்கா."

"அப்புறம் எதை வெச்சுத் தேடற?"

புரோகிராம் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் சாகும்போது அந்த நொடியில் மெமரியில் இருந்ததை லினக்ஸ் ஒரு ஃபைலாக எழுதி வைக்கும். அதுதான் கோர். ஆனால் பெரும்பாலான மெஷின்களில் அந்த ஃபைலின் அளவுக்கு வரம்பு பூஜ்யம் என்று வைத்திருப்பார்கள், எதுவும் எழுதப்படாது. அக்கா சொன்னபடி மைனஸ் ஜி போட்டுக் கம்பைல் செய்தேன். அதைப் போட்டால்தான் எந்த எந்திரக் கட்டளை எந்த ஃபைலின் எந்த வரியில் இருந்து வந்தது, எந்த வேரியபிள் எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் எக்ஸிகியூட்டபிளோடு சேர்ந்து இருக்கும். மில் மெஷினில் அதை வைத்து, கோர் வரம்பை எடுத்துவிட்டு, பில்லை மறுபடி போடச் சொன்னோம். விழுந்தது. பென் டிரைவில் கோர் வந்து சேர்ந்தது. கஸ்டமரிடம் கோர் வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மெமரியில் இருந்த பாஸ்வேர்டு உட்பட எல்லாம் அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிற சமாச்சாரம் இல்லை.

கோரையும் அதே எக்ஸிகியூட்டபிளையும் கொடுத்து ஜிடிபியைத் திறந்தோம். வேறு நாளில் கம்பைல் செய்த எக்ஸிகியூட்டபிளைக் கொடுத்தால் வரி எண்கள் ஒன்றும் ஒட்டாது. 'பேக்டிரேஸ்' என்பதற்குச் சுருக்கமாக பிடி என்று இரண்டே எழுத்தை அடித்தார் அக்கா. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு, அது எதைக் கூப்பிட்டு, கடைசியில் எங்கே செத்தது என்ற பட்டியல் வந்தது. உச்சியில் இருந்தது ஸ்ட்ரிங்கின் நீளம் அளக்கும் லைப்ரரி ஃபங்ஷன். அதற்குக் கீழே இன்னும் சில, எல்லாம் லைப்ரரிதான். புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் மிரள்வார்கள். லைப்ரரியில் பிழை இருக்குமோ என்றுகூட நான் கேட்டேன். அக்கா பதில் சொல்லாமல் எங்கள் ஃபங்ஷனின் பெயர் வரும்வரை இறங்கினார். பட்டியலில் கீழே இறங்குவதற்கு 'அப்' என்று அடிக்க வேண்டும். இந்தத் தலைகீழ் எனக்கு இன்னும் முழுசாகப் பழகவில்லை.

வந்து நின்ற இடம் சார்ட் இல்லை. அச்சடிக்கும் கட்டம். அங்கே 'பிரிண்ட்' கட்டளையில் பார்ட்டியின் ஸ்ட்ரக்சரை முழுசாகக் காட்டச் சொன்னார். பெயருக்கு 24 இடம், அதை ஒட்டி 'குறிப்பு' என்று ஒரு பாயிண்டர். பெரும்பாலான பார்ட்டிகளுக்குக் குறிப்பு கிடையாது, பாயிண்டர் பூஜ்யமாக இருக்கும். பூஜ்யமாக இருந்தால் எங்கள் புரோகிராம் அச்சடிக்காமல் தாண்டிவிடும். இந்தப் பார்ட்டிக்கோ குறிப்பின் முகவரி ஹெக்ஸில் 5354 என்று இருந்தது, பக்கத்திலேயே அந்த முகவரியில் எதையும் படிக்க முடியவில்லை என்று ஜிடிபியின் எச்சரிக்கை.

"இது முகவரியாட்டமாவா இருக்குது?" என்றார் அக்கா. "எழுத்தாப் படி."

ஆஸ்கி அட்டவணையில் ஹெக்ஸ் 53 என்பது 'எஸ்', 54 என்பது 'டி'. இன்டெல் சிப்பில் ஓர் எண்ணின் சின்ன பைட்தான் மெமரியில் முதலில் உட்காரும். ஆகவே மெமரியில் இருக்கும் வரிசை 54, 53. அதாவது டி, எஸ். மேலே பெயரைப் பார்த்தேன். ஒரு லாரி கம்பெனி. 'டிரான்ஸ்போர்ட்ஸ்' என்று முடிய வேண்டிய ஆங்கிலப் பெயர் 'ஆர்' எழுத்தோடு நின்றிருந்தது. இடைவெளிகளையும் சேர்த்து அந்தப் பெயருக்கு 26 எழுத்து. 24 போக மிச்சமிருந்த டி-யும் எஸ்ஸும் பக்கத்து வீட்டுப் பாயிண்டருக்குள் போய் உட்கார்ந்திருந்தன.

எங்கள் ஆபீஸில் ஏன் விழவில்லை என்பதற்கும் பதில் கிடைத்தது. நாங்கள் டெஸ்டுக்கு வைத்திருந்த பெயர்கள் எல்லாம் குட்டிப் பெயர்கள். சரியாக 24 எழுத்து இருந்தாலும் தப்பித்திருக்கும். ஸ்ட்ரிங்கை முடிக்கும் பூஜ்யம் மட்டும் பாயிண்டருக்குள் போகும், அங்கே ஏற்கெனவே பூஜ்யம்தானே. 25-ஆவது எழுத்தில் இருந்துதான் சனி பிடிக்கும். அந்த லாரி கம்பெனிக்குப் பில் இல்லாத மாசங்களில் மில்லிலும் ஒன்றும் ஆகவில்லை.

இனி, எழுதியது யார்? இங்கேதான் 'வாட்ச்' என்ற கட்டளையை முதன்முதலாகப் பார்த்தேன். பார்ட்டிக்கு மெமரி ஒதுக்கும் வரிக்கு அடுத்த வரியில் பிரேக்பாயிண்ட் வைத்து, புரோகிராமை ஜிடிபிக்குள் ஓட்டி, அங்கே நின்றதும் அந்தப் பாயிண்டர் இருக்கும் இடத்தின் மேல் வாட்ச் போட்டு, 'கன்டினியூ' சொன்னார். அந்த எட்டு பைட்டை யார் மாற்றினாலும் புரோகிராம் நிற்கும். நின்றது. பழைய மதிப்பு 0, புதிய மதிப்பு 5354 என்று வந்தது. நின்ற இடம் ஸ்ட்ரிங்கைக் காப்பி செய்யும் லைப்ரரி ஃபங்ஷன். 'அப்' அடித்துப் பார்த்தால், ஃபைலில் இருந்து பட்டியலைப் படிக்கும் எங்கள் ஃபங்ஷன். ஆம், லாகில் 'படித்தாயிற்று' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட அதே ஃபங்ஷன்.

தப்பு நடந்தது படிக்கும் இடத்தில். செத்தது அச்சடிக்கும் இடத்தில். என் லாக் கைகாட்டியது நடுவில் இருந்த அப்பாவியை. வாய்க்காலில் கரை உடைந்தது மேலே யாரோ ஒருவர் காட்டுப் பக்கம், தண்ணீர் புகுந்தது கீழே வேறொருவர் வயலில் என்பது போல. வயலில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் உடைப்பு தெரியாது.

பிற்பாடு ஆசைக்கு அதே பிழையை வால்கிரைண்டில் ஓட்டிப் பார்த்தேன். மெமரிப் பிழை பிடிக்க அருமையான கருவி. ஆனால் இதில் எழுதிய குற்றத்தை அது கண்டுகொள்ளவில்லை. பெயரும் பாயிண்டரும் ஒரே ஸ்ட்ரக்சருக்குள், ஒரே ஒதுக்கீட்டுக்குள் இருப்பதால், ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு வழிந்தால் எல்லை தாண்டியதாக அதற்குத் தெரியாது. 5354-ஐப் படிக்கப் போகும்போதுதான் கத்தியது. வாட்ச் மாதிரி ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கவில்லை.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று படித்தபோதுதான் எனக்குப் பயம் போனது. பிரேக்பாயிண்ட் வைத்தால், இன்டெல் சிப்பில், அந்த இடத்துக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு அங்கே ஹெக்ஸில் சிசி என்ற ஒரு பைட்டை ஜிடிபி எழுதிவிடும். ஓடிவரும் சிப் அதை மிதித்ததும் நின்று இயங்குதளத்திடம் புகார் சொல்லும், இயங்குதளம் ஜிடிபியிடம் சொல்லும். வாட்ச்சுக்கு சிப்பிலேயே முகவரி வைக்கும் டிபக் ரெஜிஸ்டர்கள் உண்டு, மொத்தம் நான்கு. அதனால் வேகம் குறையாமல் காவல் காக்க முடிகிறது. அந்த நான்கில் அடங்காமல் போனால் ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கும். அப்போது டீ குடித்துவிட்டு வரலாம், சாப்பிட்டுவிட்டும் வரலாம்.

டிபக்கரே எல்லாம் என்று சொல்லமாட்டேன். சீரியல் போர்ட்டில் எடை படிக்கும் பகுதியை பிரேக்பாயிண்டில் நிறுத்தினால் புரோகிராம்தான் நிற்கும், இண்டிகேட்டர் நிற்காது. அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், பஃபர் நிறைந்து எடை தொலையும், இல்லாத ஒரு பிழையைத் தேடத் தொடங்குவோம். அங்கே எனக்கு இன்றைக்கும் லாக்தான், பஃபரில் தேங்காத ஸ்டாண்டர்டு எரரில். ஆப்டிமைஸ் செய்து கம்பைல் செய்த புரோகிராமில் வேரியபிளைக் கேட்டால், அது இப்போது எங்கேயும் இல்லை என்று ஜிடிபி கைவிரிக்கும். பெரிய ஆட்களே இதில் ஒத்துப்போவதில்லை. லினக்ஸ் கர்னலுக்குள் டிபக்கர் சேர்ப்பதை லினஸ் டோர்வால்ட்ஸ் 2000-ல் கடுமையாக எதிர்த்தார். யோசிக்காமல் நோய்க்குறிக்கு மட்டும் மருந்து தடவ அது பழக்கிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். கர்னலுக்கான டிபக்கரான கேஜிடிபி அதில் சேர்ந்தது 2008-ல், 2.6.26 பதிப்பில்.

அவர் பயந்த ஆள் டிபக்கரை வைத்துக்கொண்டு யோசிக்காதவன். நான் டிபக்கர் இல்லாமலே யோசிக்காதவனாக இருந்தேன், நிரபராதி சார்ட் ஃபங்ஷனைத் திருத்தி எழுதினேன். அக்கா அன்றைக்கு அடித்த கட்டளைகள் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கும். மிச்ச நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பி செய்யும் வரியில் அளவு பார்க்கும்படி ஸ்என்பிரிண்ட்எஃப் வைத்தோம். பில்லில் பெயர் வெட்டுப்பட்டால் லாரிக்காரர் சண்டைக்கு வருவார் என்று மில்லில் சொன்னதால் 24-ஐ 64 ஆக்கினோம்.

சி-யில் எழுதுபவர் யாராவது இதைப் படித்தால், ஜிடிபியைப் பிறகு கற்றுக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் புரோகிராம் ஓடும் மெஷினில் யூலிமிட் மைனஸ் சி என்று அடித்துப் பாருங்கள். பூஜ்யம் என்று வந்தால் இன்றைக்கே மாற்றி வையுங்கள். விழுந்த பிறகு மாற்றினால், விழுந்ததற்குக் கோர் கிடைக்காது.