மையவாடிப் புதரும் ஆறுமணிக்குருவியும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகை முடிந்து மதரஸாவின் கதவைத் திறந்தபோது, தாழ்வாரத்தில் ஒரு சிறு பறவை ஒடுங்கிக் கிடந்தது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றின் கீழ்ப்பகுதியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கரிய பட்டை. வால் இருக்கிறதா என்று ஐயுறும் அளவுக்குக் குட்டை. ஓத வந்த பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். காலணிப் பெட்டி ஒன்றில் துளையிட்டு, அதனுள் பறவையை வைத்து, நிழலான மூலையில் யாரும் தொடாதவாறு பாதுகாத்தோம். அஸருக்குப் பிறகு மையவாடியின் மேற்கு மூலையில் பெட்டியைத் திறந்தபோது, அது பறக்கவில்லை. தத்தித் தத்திச் சென்று சருகுகளுக்கிடையே மறைந்துவிட்டது.

அதுதான் ஆறுமணிக்குருவி. இமயமலையின் அடிவாரத்திலும் நடு இந்தியாவின் காடுகளிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. இரவில் பயணம் செய்யும். வந்து சேரும் வேளையில் களைத்துப்போய், வீடுகளின் முற்றத்தில் விழுந்து கிடப்பதும் உண்டு. அதிகாலையிலும் அந்தியிலும் இருமுறை சீழ்க்கையடிப்பது போல் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். உயரக் கிளைகளில் இதைத் தேடிப் பயனில்லை. அடர்ந்த புதரின் நிழலில், சருகுகளைப் புரட்டிப் பூச்சிகளைத் தின்று வாழ்வது இது.

நமதூர் நாகை மாவட்டத்துக் கடற்கரையில் உள்ளது. சுற்றிலும் மனைகளாகிவிட்ட ஊரில், அத்தகைய புதர் எஞ்சியிருப்பது மையவாடியில் மட்டுமே. சூரையும் காரையும் சங்கஞ்செடியும் பின்னிக் கிடக்கும் அந்த மேற்கு மூலையில் பழைய கபுர்களே உள்ளன. பல ஆண்டுகளாக அங்கே யாரையும் அடக்கம் செய்யவில்லை.

மார்கழியில் ஒரு ஜனாஸாவை இரவில் அடக்கம் செய்ய நேர்ந்தது. விளக்கொளியில் கட்டுவிரியன் ஒன்று பாதையைக் கடந்தது. யாருக்கும் தீங்கு நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அடுத்த ஜமாஅத் கூட்டத்தில், ஜேசிபி எந்திரத்தைக் கொண்டுவந்து புதர்கள் அனைத்தையும் அகற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அச்சம் நியாயமானது. மக்களின் உயிர்தானே முதன்மையானது? நாம் எழுந்து, மேற்கு மூலையை மட்டும் விட்டுவைக்கலாமே, அங்கே அரிதான ஒரு பறவை குளிர்காலத்தைக் கழிக்கிறது என்றோம்.

முத்தவல்லி பொறுமையாகக் கேட்டார். "ஹஜ்ரத், நீங்கள் அதை விட்டது ஐப்பசியில். இப்போதும் அங்கேதான் இருக்கிறது என்பதற்கு என்ன சான்று?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. பொங்கல் விடுமுறை முடியும்வரை தவணை கேட்டுப் பெற்றோம்.

பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் தமிழகம் எங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுவதைப் பலர் அறிந்திருக்கலாம். 2015ஆம் ஆண்டு தொடங்கியது. யாரும் பங்கேற்கலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ, கண்டறிந்த பறவைகள் அனைத்தையும் எண்ணிக்கையுடன் இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். கண்ணால் பார்க்காவிட்டாலும், குரலைக் கொண்டு ஐயமின்றி அறிந்தால் அதுவும் கணக்கில் சேரும். அரிதானவற்றை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால், அது முழுமையான பட்டியல் ஆகாது.

மாணவர்கள் ஐவரை அழைத்துக்கொண்டோம். புறப்படுமுன், அவர்கள் முன்பே ஓதியறிந்த ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினோம். நபி சுலைமான் (அலை) அவர்கள் பறவைகளின் அணியைப் பார்வையிட்டபோது ஹுத்ஹுதைக் காணவில்லை. திரும்பி வந்த ஹுத்ஹுத், ஸபா நாட்டிலிருந்து உறுதியான செய்தியைக் கொண்டுவந்திருப்பதாகக் கூறியது. அப்போதும் அவர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அது உண்மை சொல்கிறதா என்பதைச் சோதித்தறிய முற்பட்டார்கள். "நாமும் உறுதியான செய்தியை மட்டுமே எழுதப்போகிறோம்" என்று பிள்ளைகளிடம் கூறினோம். சொல்வது எளிதாக இருந்தது.

முதல் மூன்று நாட்களும் சுபுஹுக்குப் பின்னும் மக்ரிபுக்கு முன்னும் சென்றோம். கபுர்களை மிதிக்காமல், பேசாமல், மதிலோரம் நின்றோம். செம்போத்து வந்தது. வால்காக்கை வந்தது. வடக்கிலிருந்து வந்த மாங்குயிலும் பழுப்புக் கீச்சானும் வந்தன. கொண்டலாத்தி தரையைக் கொத்தியபோது, "ஹுத்ஹுத்!" என்று ஒரு சிறுவன் தன்னை மறந்து கத்திவிட்டான். தவிட்டுக்குருவிகள் சருகைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் நம் நெஞ்சு படபடத்தது. ஆறுமணிக்குருவி மட்டும் வரவில்லை.

இதற்கிடையே நாமும் ஒரு பிழை செய்துகொண்டிருந்தோம். "இதைக் கண்டால்தான் புதர் பிழைக்கும்" என்று பிள்ளைகளிடம் மீண்டும் மீண்டும் கூறினோம். அந்தச் சொல்லின் பாரம் யார் தோளில் இறங்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் மாலை. மணி ஐந்தரையைக் கடந்திருந்தது. பிள்ளைகள் மதிலோரம் பிரிந்து நின்றனர். திடீரெனப் புதரின் பக்கமிருந்து அந்தச் சீழ்க்கை எழுந்தது. சற்றுப் பொறுத்து மீண்டும் ஒரு முறை. பிறகு, சிறிது தொலைவிலிருந்து வந்தது போல் மூன்றாம் முறை. நம் கண்கள் கலங்கிவிட்டன. குறிப்பேட்டில் நேரத்தை எழுதி, பெயரை எழுதி, அடிக்கோடும் இட்டோம்.

மக்ரிப் தொழுகை முடிந்து வீடு திரும்புகையில், ஐவரில் இளையவன் பின்தங்கி நடந்து வந்தான். வயது பதினொன்று. தெருமுனையில் நம் கையைப் பற்றிக்கொண்டான்.

"ஹஜ்ரத், அது நான்தான். காக்காவுடைய போனில் அந்தக் குருவியின் சத்தத்தை வைத்தேன். அதைக் கேட்டால் அது பதில் சொல்லும் என்று நினைத்தேன். நீங்கள் சந்தோஷப்பட்டதைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல முடியவில்லை."

"எத்தனை முறை வைத்தாய்?"

"இரண்டு முறை, ஹஜ்ரத்."

நாம் கேட்டதோ மூன்று முறை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மூன்றாம் குரல் பறவையுடையதாக இருக்கலாம். உண்மையில், பதிவு செய்த குரலைக் கேட்டால் பறவைகள் எதிர்க்குரல் கொடுப்பது உண்டு. தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டதாக எண்ணி அலைக்கழியும் என்பதால்தான், அவ்வாறு ஒலிக்கச் செய்வதைப் பறவை ஆர்வலர்கள் தவிர்க்கச் சொல்கின்றனர். பிள்ளை பதற்றத்தில் எண்ணிக்கையைத் தவறவிட்டிருக்கவும் கூடும். மதிலில் பட்டு அதே ஒலி திரும்பி வந்திருக்கவும் கூடும்.

நோக்கம் நல்லதுதானே என்று மனம் வாதிட்டது. ஓர் உயிரின் இருப்பிடம் காப்பாற்றப்படும், யாருக்கும் நட்டமில்லை, பறவை அங்கே இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றெல்லாம் சொன்னது. ஹதீஸ் பாடம் நடத்துகையில், ஒரு செய்தியின் கருத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை அறிவித்தவர் வரிசையில் ஐயம் இருந்தால் ஆதாரமாக ஏற்கலாகாது என்று எத்தனை முறை விளக்கியிருப்போம்! நல்ல நோக்கத்துக்காகச் செய்திகளைப் புனைந்தவர்களும் இருந்தார்கள் என்று கண்டித்தும் பேசியிருப்போம். அந்தப் பாடத்துக்கான தேர்வு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு கையளவுப் பறவையின் வடிவில் நமக்கே வந்திருந்தது.

காலையில் பிள்ளைகள் ஐவரையும் அமர்த்தி, அடிக்கோடிட்ட பெயரை அடித்தோம். இளையவனின் பெயரைச் சொல்லவில்லை. "நேற்றுக் கேட்ட குரல் உறுதியாகவில்லை" என்று மட்டும் கூறினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னர் அவனைத் தனியே அழைத்து, "நீ சொல்லாமல் இருந்திருந்தால் நாம் பொய்ச்சாட்சி எழுதியிருப்போம். நம்மைக் காப்பாற்றியவன் நீ" என்றோம். அவன்மீது பாரத்தை ஏற்றியதற்கு மன்னிப்பும் கேட்டோம். ஓர் உஸ்தாத் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லைதான். கேட்க வேண்டியிருந்தது, கேட்டோம்.

ஜமாஅத் கூட்டத்துக்கு ஐவரும் நம்முடன் வந்தனர். 34 வகைப் பறவைகளின் பட்டியலை வாசித்தோம். "ஆறுமணிக்குருவியை நான்கு நாட்கள் தேடினோம். காணவில்லை. ஒரு குரல் கேட்டது. அது பறவையுடையதுதான் என்று எம்மால் சாட்சி சொல்ல இயலாது" என்றோம். கூட்டம் அமைதியாக இருந்தது. தோற்றுவிட்டோம் என்றே எண்ணினோம்.

முத்தவல்லி பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். "செம்போத்து ஐந்து என்று எழுதியிருக்கிறீர்களே, அது எதைத் தின்னும்?"

இளையவன் எழுந்தான். "நத்தை, ஓணான், பூச்சியெல்லாம் தின்னும். சின்னப் பாம்பையும் தின்னும்."

சிலர் சிரித்தனர். முத்தவல்லி சிரிக்கவில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு முடிவானது இதுதான்: பாதையின் இருபுறமும் புதிய கபுர்களைச் சுற்றியும் செடிகளை அகற்றுவது, விளக்குகள் அமைப்பது, மேற்கு மூலையைச் சித்திரை முடியும்வரை தொடாதிருப்பது. அதன்பின் மீண்டும் கூடிப் பேசுவது. நிலையான வெற்றியன்று, ஒரு தவணைதான்.

இப்போது மாசி நடக்கிறது. வெட்டிய பாதையில் புதிய விளக்குகள் எரிகின்றன. அந்திவேளைகளில் ஐவரில் யாரேனும் ஒருவர், பெரும்பாலும் இளையவன், மதிலோரம் நின்றுவிட்டு மக்ரிபுக்கு வருகிறார். "கேட்டதா?" என்று நாம் கண்ணால் வினவுவோம். அவன் தலையை இடமும் வலமும் அசைப்பான். அந்தத் தலையசைவை நாம் முழுமையாக நம்புகிறோம். என்றேனும் அவன் "ஆம்" என்பானாயின், அதையும் அவ்வாறே நம்புவோம், இன்ஷா அல்லாஹ்.

கண்டதைக் கண்டதென்றும் காணாததைக் காணாததென்றும் கூறும் துணிவை, நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.