பச்சை மத்தாப்பும் கடைசி ரெண்டு எலெக்ட்ரானும்!

2, 8, 18... செமஸ்டருக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி, ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துபோற நம்பர்கள்தானே? கொஞ்சம் நில்லுங்க. எங்க விருதுநகர் மாவட்டத்தில் பல வீடுகளோட சோறு இந்த நம்பருக்குள்ளேதான் இருக்கு!

2025-ல் ரீல்ஸ்ல நீங்க எல்லாரும் பார்த்தீங்களே, அந்தக் கூமாப்பட்டிதான் எங்க ஊர். மழை நல்லா பெய்தா ஒரு கண்மாய் நிரம்பி, மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குத் தண்ணி போகும். அணுவுக்குள்ளேயும் கிட்டத்தட்ட அதே கதைதான். முதல் கூட்டில் 2 எலெக்ட்ரான், அடுத்ததில் 8. சோடியத்துக்கு மொத்தம் 11. அதனால் 2, 8, 1. ஒரே ஒரு வித்தியாசம். மூணாவது கூட்டில் 18 பேருக்கு இடம் இருந்தும், பொட்டாசியத்தில் 8 பேர் உட்கார்ந்ததுமே 19-வது ஆள் நாலாவது கூட்டுக்குத் தாவிடுவார். அவருக்கு அங்கேதான் ஆற்றல் குறைவு!

ஒவ்வொரு கூட்டுக்கும் இவ்வளவுதான் ஆற்றல்னு கணக்கு உண்டுன்னு 1913-ல் சொன்னவர் நீல்ஸ் போர். சூடு பட்டா எலெக்ட்ரான் மேலே ஏறும். திரும்ப இறங்கும்போது அந்த வித்தியாசத்தை ஒளியாகக் கொட்டும். கேஸ் அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தா மஞ்சளா எரியுதே, அது சோடியத்தோட கடைசி எலெக்ட்ரான் இறங்கி வர்ற வெளிச்சம். அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர்.

இதே வித்தைதான் சிவகாசியிலும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம், பச்சைக்கு பேரியம். பேரியத்தோட வரிசை 2, 8, 18, 18, 8, 2. வாணத்தில் அது குளோரினோட ஜோடி சேர்ந்துதான் அந்தப் பளிச் பச்சையைக் கொடுக்கும்.

வில்லங்கமும் அந்தக் கடைசி ரெண்டு எலெக்ட்ரானில்தான். அதை உதறிட்டு அயனியாக மாறின பேரியம், கிட்டத்தட்ட பொட்டாசியம் அயனி சைஸ். உடம்புக்குள்ளே போனா, செல்லில் பொட்டாசியம் போய்வர்ற வாசலை அடைச்சுக்கும். தசை தளரும், இதயத்துடிப்பு தடுமாறும். 'அப்போ எக்ஸ்ரேவுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில் பேரியம் குடிக்கக் கொடுக்கறாங்களே?'ன்னு கேட்கறீங்களா? அது பேரியம் சல்ஃபேட் பாஸ், தண்ணியில் கரையாது. பட்டாசுக்குப் போற பேரியம் நைட்ரேட் கரையும்!

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது. அனுமதி கேட்டுப் போனப்ப, 2023 செப்டம்பரிலும் மறுத்துட்டது. 'சுற்றுச்சூழலுக்கு நல்லது'ன்னு நாம ஈஸியா சொல்லிடலாம். 'பொழப்பு போச்சே'ன்னு இங்கே ஒரு அம்மா சொன்னா, அதுவும் நிஜம். ஆனா, அந்தப் பொடியை முதலில் தொடறதும், மூச்சில் இழுக்கறதும் அதே வீட்டு ஆளுங்கதானே?

வழி இல்லாம இல்லை. 2, 3 என்ற வரிசை உள்ள போரானும் பச்சையாக எரியும். போரான் கார்பைடை வெச்சு பச்சை ஒளி தரலாம்னு அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் ஏற்கெனவே செஞ்சு காட்டிட்டாங்க. சிவகாசி விலைக்குக் கட்டுப்படியாகிற மாதிரி, வேலை செய்யறவங்க கைக்கும் பாதுகாப்பா அதைக் கொண்டுவரணும். அதுதான் சவால்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையற கெமிக்கல் மக்களே... இதை எடுத்துக்கறீங்களா?