தெரிந்தே குடித்தது

ஜப்பானில் சைவக்காரன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கேள்வியை அளவோடு கேட்கத் தெரிந்தால் போதும். "இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால், இல்லை என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். இரண்டாவது கேள்வியை விழுங்கிவிட்டு உட்கார்ந்தால் யாருக்கும் சங்கடமில்லை. ஒசாகாவில் வேலை பார்த்த காலத்தை நான் அப்படித்தான் ஓட்டினேன். அங்கே சூப்பானாலும் வேகவைத்த கீரையானாலும் அடியில் 'தாஷி' என்ற சாறு இருக்கும், பெரும்பாலும் அது மீனில் எடுத்தது என்பது போன புதிதிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒருவர் வாயால் கேட்காமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். (முட்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அது எப்போதோ சைவமாகிவிட்டது.)

சமையல்காரர்களைக் குறை சொல்ல முடியாது. மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத வழக்கம் அங்கே பழையது. 675இல் டென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை போட்டார். அதுவும் பயிர்க்கால மாதங்களுக்கு மட்டும். மீனைத் தொடவில்லை. பிறகு பல நூற்றாண்டுகள் கழித்து, 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்பதே ஒரு செய்தியாக இருந்திருக்கிறது. இத்தனை காலமும் மீன் மட்டும் வழக்கில் சிக்காமல் தட்டில் இருந்துகொண்டே வந்தது. ஆகவே "இறைச்சி இல்லை" என்றவர் பொய் சொல்லவில்லை. கள்ளம் என் பக்கம்தான்.

அந்த ஏற்பாட்டைக் கலைத்தது தகமாட்சுவில் ஒரு மதியச் சாப்பாடு. வேலை விஷயமாகப் போயிருந்தோம். கூட வந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த சக ஊழியர், அந்த ஊர்க்காரர். தகமாட்சு இருக்கும் ககாவா, பரப்பளவில் ஜப்பானின் மிகச் சிறிய மாகாணம். மழை குறைச்சல், ஏரிகளை நம்பிய விவசாயம், நெல்லோடு கோதுமையும் போட்ட மண். அதன் பழைய பெயர் சானுகி. உடோன் என்பது தடித்த கோதுமை நூடுல்ஸ்; சானுகி உடோன் என்றால் நாடு முழுக்கத் தெரியும். 2011இல் மாகாண அரசே தன்னை 'உடோன் மாகாணம்' என்று விளம்பரம் செய்துகொண்டது.

கடை தகரக் கொட்டகை மாதிரிதான் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். சின்னதா பெரியதா என்று சொன்னால் வெந்த உடோனைக் கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். அடுத்தது மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா அடுக்கு: பூசணி, சர்க்கரைவள்ளி, கணவாய், குழல் மாதிரி ஒரு மீன் பண்டம், வெங்காயமும் கேரட்டும் சீவிச் சேர்த்துப் பொரித்த காகியாகே. கடைசியில் காசு. சாறு ஒரு பெரிய பாத்திரத்தில் இருக்கும். குழாயைத் திறந்து நாமே பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குழாயருகே பெரியவர் நின்றார். நான் சைவம் என்பது அவருக்குத் தெரியும். "இது இரிகோவில் எடுத்த சாறு. இபுகி தீவிலிருந்து வருகிறது. அதைவிட நல்லது கிடையாது" என்றார் பெருமையாக. இரிகோ என்றால் வேகவைத்துக் காயவைத்த சின்ன மீன். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிடும்: நெத்திலிக் கருவாடு. சொல்லிவிட்டு உடனே, "நீங்கள் இதைத் தொட வேண்டாம். வெறும் சோயா சாஸும் முள்ளங்கித் துருவலும் போட்டும் சாப்பிடுவோம். அதுவும் எங்கள் ஊர்ச் சாப்பாடுதான்" என்றார்.

யாரும் என்னிடம் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டதில்லை. மறைவாகப் பேர் சொல்லாமல் இருந்த பொருளுக்குப் பேர், ஊர் எல்லாம் சொல்லிவிட்டார். தப்பிக்க வழியும் காட்டிவிட்டார். இனி தெரியாது என்று பாவனை செய்ய இடமில்லை. குழாயைத் திறந்தேன். பசியா, அவர் மனம் கோணக் கூடாதென்றா, இத்தனை நாள் பேர் தெரியாமல் குடித்ததை ஒருமுறை பேரோடு குடித்துப் பார்ப்போம் என்றா? மூன்றும்தான்; எது எவ்வளவு என்று இப்போதும் பிரிக்கத் தெரியவில்லை.

பூசணியையும் காகியாகேயையும் தூக்கிச் சாற்றில் போட்டேன். டெம்புரா மாவு ஒரு தனி வித்தை. ஐஸ் தண்ணீரில் அரைகுறையாகத்தான் கலக்குவார்கள். அடித்துக் கலந்தால் கோதுமையில் பசை கிளம்பி மேலோடு கனத்துவிடும். இவ்வளவு பாடுபட்டு மொறுமொறுப்பாக்கியதைச் சாற்றில் நனைப்பானேன் என்று நினைத்தவன் நான். ரச வடை தின்று வளர்ந்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. மேலோடு ஊறி, எண்ணெய் கொஞ்சம் பிரிந்து சாற்றில் மிதந்து, பூசணியின் இனிப்பும் அதோடு சேர்ந்தபோது, அந்தச் சாறு முதலில் ஊற்றிய சாறாகவே இல்லை. உடோன் பல்லுக்கு எதிர்த்து நின்றது. உப்புத் தண்ணீரில் பிசைந்த மாவைத் தாளுக்கடியில் வைத்துக் காலால் மிதித்து ஊறப்போடுவதில் வருகிற உறுதி அது. பக்கத்து மேசைகளில் எல்லோரும் சத்தமாக உறிஞ்சினார்கள். நானும் உறிஞ்சினேன்.

அந்த ருசிக்குக் கணக்கு உண்டு. 1908இல் இகெடா கிகுனே என்ற வேதியியலாளர் கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, சாற்றின் ருசி இதுதான் என்றார். 1913இல் கொடாமா ஷின்டாரோ, காய்ந்த மீனில் அந்த வேலையைச் செய்வது இனோசினேட் என்று கண்டார். இரண்டும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தால் ருசி கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். கிண்ணத்தில் ஒரு சொட்டு வைக்கவில்லை நான்.

ராத்திரி மனைவி போனில் கேட்டாள்: "மத்தியானம் என்னங்க சாப்பிட்டீங்க?"

"நூடுல்ஸ்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டாவது கேள்வியையும் கேட்க ஆரம்பித்தேன். ஆச்சரியம், கேட்டால் பதில் வருகிறது. சில இடங்களில் முடியாது என்று தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். சில இடங்களில் சமையல்காரரே வெளியே வந்து எதெதில் மீன் இல்லை என்று விரல் வைத்துக் காட்டினார். சைவச் சாறும் அந்த நாட்டிலேயே இருக்கிறது. கொம்பும் காய்ந்த ஷிடாகே காளானும் ஊறவைத்து எடுப்பது. மனைவி வந்தபோது கோயாசான் மலைக்கு அழைத்துப் போனேன். சானுகியில் பிறந்த கூகாய் என்ற துறவி 816இல் நிறுவிய மடங்களின் ஊர். உடோனைச் சீனாவிலிருந்து கொண்டுவந்தவரே அவர்தான் என்று ககாவாவில் ஒரு கதையும் உண்டு. மடத்தில் தங்கினோம். பூண்டு, வெங்காயம்கூட இல்லாத சாப்பாடு. எள்ளில் செய்த டோஃபு, தெளிந்த சாறு. இரண்டாவது கேள்வி தேவைப்படாத அந்தப் பந்தியில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கருவாடுன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கொஞ்ச நேரம் டோஃபுவைத் தின்றுகொண்டிருந்தாள். "கருவாடு குடிச்சது உங்க இஷ்டம். நான் கேட்டப்ப நூடுல்ஸ்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல" என்றாள்.