நீர்வழியும் மலைவழியும்

இங்கிலாந்தில் தொழில்புரியும் எம் பழைய மாணவர் ஒருவர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். சனி, ஞாயிறு இரு தினங்களை மனைவி மக்களுடன் கால்வாய்ப் படகொன்றில் கழித்தாராம். படகின் அகலம் ஏழடிக்கும் குறைவு. வேகமோ மணிக்கு நான்கு மைலைத் தாண்டலாகாது. கரையில் வேகமாய் நடப்பவர் முந்திவிடுவார்! மேட்டுநிலம் எதிர்ப்பட்டால் படகு நீர்த்தொட்டி ஒன்றினுள் நுழைகிறது. பின்கதவை மூடி மேலிருந்து நீரைத் திறந்துவிட, தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயர்கிறது. பின்பு முன்கதவு திறக்கிறது. கதவு தள்ளுவோர் பிரயாணிகளே. "ஐயா, பதுளைப் பக்கம் இப்படியோர் இன்பம் உண்டா?" என்று கேட்டிருந்தார்.

பதுளை ஓயாவில் படகு விட்டால் துன்ஹிந்தை அருவியில் தலைகீழாக விழ வேண்டியதுதான். ஆயினும் மலையில் மெல்ல ஏறும் வழி எம்மிடமும் உண்டு.

அக்கால்வாய்கள் உல்லாசத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல. 1761இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுவந்தது. பின்னர் புகையிரதம் வந்து சரக்கைப் பறித்துக்கொள்ள, கூலியாள் வைக்க வழியற்ற படகோட்டிகள் பலர் குடும்பத்தையே படகில் ஏற்றினர். ஏறக்குறையப் பத்தடி நீள அறையிலே தாய், தந்தை, பிள்ளைகள், அடுப்பு, படுக்கை எல்லாம். படகு ஓரிடத்தில் நில்லாமையால் பிள்ளைகளின் படிப்பும் நிலைக்கவில்லை. லயத்து வாழ்வை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுமா?

நமது இருப்புப்பாதையும் தேயிலைக்காக வந்ததே. 1893இல் அப்புத்தளையை அடைந்தது, 1924இலேதான் பதுளைக்கு வந்து சேர்ந்தது. 2023ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, தாயாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பதுளையில் வண்டி ஏறினோம். ஏறக்குறைய 650 மீற்றர் உயரத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் மேலே இரண்டு மணி நேர ஏற்றம். ஹாலிஎல, உடுவரை கடந்ததும் வண்டி ஒரு சுரங்கத்தினுள் புகுகிறது. அச்சுரங்கத்தின் மேலே இருப்பதுதான் தெமோதரை நிலையம்! நிலையத்தின் அடியால் போய், மலையை ஒரு முறை சுற்றி ஏறி, அதே நிலையத்துக்கு வந்து நிற்கிறது. அங்கே நீர் செய்வதை இங்கே வளைவு செய்கிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றுவதைக் கண்டே பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்தது என்பார்கள். மெய்யோ பொய்யோ, தலைப்பாகை கட்டியவருக்குப் பெருமை சேர்க்கும் கதைகள் நம் மலைநாட்டில் அரிது. ஆகவே எமக்கு இது பிடிக்கும்.

எல்ல செல்லுமுன் ஒன்பது வளைவுப் பாலம் வந்தது. 1921இல் உருக்கு இன்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பியது. இருபுறமும் வெளிநாட்டார் படம்பிடித்தவண்ணம் நின்றனர். பிள்ளைகள் கையசைத்தார்கள். தாயாரோ பாலத்தைக் கவனிக்கவில்லை. அப்பாலிருந்த தேயிலைச் சரிவையே பார்த்திருந்தார்.

"கவ்வாத்து வெட்டி எத்தனை வருசமோ தம்பி! மலை காடாப் போச்சு."

முப்பது ஆண்டு கொழுந்து பறித்த கண்கள் அவை. பண்டாரவளை, தியத்தலாவை என வண்டி ஏற ஏற, இது நல்ல மலை, இது கைவிட்ட மலை என்று வாசித்துக்கொண்டே வந்தார். நாம் பூகோளம் படித்தவர்கள்தாம். அந்தப் பாடம் நமக்குத் தெரியாது.

அப்புத்தளைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், தாயாரின் அண்ணன் மகள் வீட்டில் இரவு தங்கினோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறை. முன்னே இழுத்துக் கட்டிய சார்ப்பு. ரொட்டியும் சம்பலும் சாயத் தேநீரும் அமிர்தமாக இருந்தன. லயத்தின் பின்னே செங்குத்தான மண்சுவர். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்ததும் இத்தகைய சரிவுதான். "மழை பெருத்தா ராத்திரியிலயே புள்ளைகள எழுப்பி பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவோம் மச்சான்" என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார் அவர். வேறு இடம் தரும்படி கேட்டு எழுதிக் கொடுத்த மனுக்களின் பிரதிகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. மறுநாள் மாலை வண்டியில் பிள்ளைகள் மூடுபனியை வியந்துகொண்டு வந்தனர். எமக்கோ அந்த டின்னே கண்முன் நின்றது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெருந்துயருற்றது. மலைநாட்டு இருப்புப்பாதை பல இடங்களில் சிதைந்தது. அச்செய்தியை நாம் உரக்க வாசித்தபோது தாயார் இடைமறித்தார்.

"கோச்சி கெடக்கட்டும் தம்பி. லயம் நிக்குதா?"

தொலைபேசி இணைப்புக் கிடைக்க இரண்டு நாட்களாயின. லயத்தின் பாதி மண்ணுக்குள் போயிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.