மேல் போல்ட்டை முதல்ல கழற்று!

திற்பரப்பு அருவிக்குக் கொஞ்சம் தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை, முற்றத்தில் நின்ற பிக்கப் வண்டிக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று, பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் மகனுடையது.

வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றும் அந்த வண்டிதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. தவணை இன்னும் 14 மாதம் பாக்கி. ஒரு வாரமாக, வேகம் கூடினால் பின்பக்கம் 'ஊ...' என்று ஓர் இரைச்சல். மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு நாகர்கோவில் வடசேரி சந்தைக்குக் குலை ஏற்ற வேண்டும். அதற்குள் கிரவுன் ஆயிலை மாற்றிப் பார்த்துவிடலாம் என்று அப்பா இறங்கிவிட்டார்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம் போதும். இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுழலவிடுவதுதான் டிஃபரன்ஷியல். பின் அச்சின் நடுவில் பானைபோலப் புடைத்திருக்கும் பகுதிக்குள் கிரவுன் வீலும் பினியனும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே சுற்றும். இடையில் இருக்கும் ஆயில் படலம்தான் பற்களைக் காப்பாற்றுகிறது.

முதலில் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கினார்கள். பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். மகன் நேராகக் கீழ் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான்.

"மக்களே, நில்லு. மேல் போல்ட்டை முதல்ல கழற்று."

"ஆயிலு கீழ வழியாத்தானப்பா வரும்?"

"ஆயிலை இறக்கிப்போட்டு, மேல் போல்ட் திறக்கலேன்னா எது வழியா ஊத்துவே? வண்டி முத்தத்துலேயே கிடக்கும்."

சொன்னதுபோலவே மேல் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, சுத்தியலால் பைய தட்டி, ஸ்பேனரில் பைப்பை மாட்டி அழுத்த, முக்கால் மணி நேரம் கழித்து 'டக்' என்று இளகியது. மகன் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கீழ் போல்ட். கறுப்பாக வரவேண்டிய ஆயில், பால் ஊற்றிய சாயா நிறத்தில் வழிந்தது. அப்பா விரலில் தொட்டுப் பார்த்தார்.

"தண்ணி கேறியிருக்கு."

ஓடிச் சூடேறிய அச்சு தண்ணீரில் மூழ்கினால் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் துளையும் தேய்ந்த சீலும் வெளியில் இருக்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கொஞ்ச நேரம் அமைதி. மகன்தான் பேசினான். போன மாத மழையில், அப்பா தூங்கிய பிறகு, கூட்டாளிகளோடு கோதையாற்று வெள்ளம் பார்க்க வண்டியை எடுத்துப்போயிருந்தான். ரோட்டில் பாதிச் சக்கரத்துக்குமேல் தண்ணீர். திரும்பி வந்து, விடியுமுன் வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டான்.

அப்பா திட்டவில்லை. "தண்ணியில இறக்கினது தப்பு. அன்னைக்கே சொல்லியிருந்தா மறுநாளே மாத்தியிருக்கலாம். ஒரு மாசம் மறைச்சேல்லா, அதுதான் வண்டியைத் தின்னுருக்கு."

கீழ் போல்ட்டின் காந்தத்தில் மைபோல நைஸான இரும்புத்தூள் மட்டும் ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம்தான். பல் உடைந்த துண்டு எதுவும் இல்லை என்றதும் இருவருக்கும் மூச்சு வந்தது. மகன் சேறு அடைத்த பிரீதரைச் சுத்தம் செய்தான். கீழ் போல்ட்டைப் புது வாஷரோடு முடுக்கி, வண்டிக் கையேட்டில் சொன்ன ஜிஎல்-5 ரக கியர் ஆயிலை மேல் துளை வழியாக, அது நிறைந்து வழியும்வரை ஏற்றி மூடினான்.

"பழைய ஆயிலைத் தாங்க, கரையான் அரிக்கிற கட்டைக்கு ஊத்தலாம்" என்று அம்மா கேட்டார். "மண்ணுல ஊத்தினா கிணத்துக்கும் ஆத்துக்கும்தான் போகும்" என்று அப்பா மறுத்துவிட்டார். கழிவு ஆயில் சட்டப்படியே அபாயக் கழிவு. கேனில் அடைத்து, சேகரிப்பவர்களிடம் கொடுக்கும் வொர்க்‌ஷாப்பில் சேர்க்க எடுத்துவைத்தார்.

ஓட்டிப் பார்த்ததில் இரைச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. முழுசாகப் போகவில்லை. "கொஞ்சம் தேஞ்சிருக்கு. ஓடும். உள்ளே ஒட்டியிருக்குற தண்ணியும் போகணும். 500 கிலோமீட்டர்ல இன்னொரு தடவை மாத்துவோம்" என்றார்.

மகன் வண்டி நோட்டை எடுத்து தேதி, கிலோமீட்டர், ஆயில் வகை எல்லாம் எழுதினான். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, 'வெள்ளத்தில் ஓட்டினேன்' என்று எழுதி அப்பாவிடம் நீட்டினான்.

அப்பா படித்துவிட்டு நோட்டை மூடினார். "காலைல நாலு மணிக்கு எழும்பு. நீதான் ஓட்டணும்" என்று சாவியை அவன் கையில் கொடுத்தார்.