‘இன்று பத்துக் கிலோமீட்டர்தான்!’

மனிதன் செய்யும் காரியங்களில் ஓடுவதைப்போல் எளியது பிறிதொன்றில்லை. நடக்கக் கற்ற குழந்தை சில மாதங்களிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆனால், ஓடி முடித்தபின் அதைப்பற்றி வாய்திறவாமல் இருப்பதைப்போல் அரியதும் பிறிதொன்றில்லை. இவ்வுண்மையைக் காஞ்சி மாநகரில் சில ஆண்டுகளாக நாம் கண்ணாரக் கண்டு வருகிறோம்.

சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் வேளையில் பட்டுக்கடைகள் திறந்திரா. கோயில்களுக்கு வரும் வெளியூர்ப் பேருந்துகளும் வந்து சேர்ந்திரா. அந்த அமைதியான நேரத்தில், வண்ணக் காலணிகள் அணிந்த கூட்டமொன்று பெரிய காஞ்சியிலிருந்து சின்ன காஞ்சி நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், பட்டுக்கடை முதலாளியின் மகன், ஒலிமுகமதுபேட்டையிலிருந்து வரும் நம் இளைஞர் எனப் பலரும் அதில் உண்டு. எல்லாரும் உடல்நலம் கருதி ஓடுகிறவர்கள். பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக 2023-இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. பிரியாணிக்கும் பாயசத்துக்கும் வஞ்சனை செய்யாத நம் குடும்பங்களுக்கு இத்தகைய ஓட்டம் எவ்வளவு அவசியம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

வேடிக்கை யாவும் ஓட்டம் முடிந்த பின்னர்தான் தொடங்குகிறது. வியர்வை உலருமுன் கைப்பேசி வெளியே வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழும்: “இரண்டு நாளாகக் காய்ச்சல். கால் ஒத்துழைக்கவில்லை. இன்று பத்துக் கிலோமீட்டர்தான்!” இதைப் படிப்பவர் காய்ச்சலுக்காக இரங்குவதா, பத்துக் கிலோமீட்டருக்காக வியப்பதா என்று தடுமாறுவார். எழுதியவர் வேண்டுவதும் அந்தத் தடுமாற்றத்தைத்தான்.

இன்னொருவர் ஐயம் கேட்பார்: “காலணியை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும்? என்னுடையது எண்ணூறைத் தாண்டிவிட்டது.” விடை அவருக்குத் தெரியும், எண்ணூறு நமக்குத் தெரியவேண்டும் என்பதே கேள்வியின் நோக்கம். மற்றொருவர் சூரியோதயத்தின் அழகைப் படம் பிடித்து அனுப்புவார். அதன் ஓரத்தில், தற்செயலாக, அவருடைய கைக்கடிகாரமும் அது காட்டும் நேரமும் தூரமும் விழுந்திருக்கும். வேறொருவர் தம் வயதுப் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதாக அறிவிப்பார். அந்தப் பிரிவில் ஓடியவர் மூவரே என்பதை அறிவிக்கமாட்டார். வீட்டு வாசலை அடையும்போது கடிகாரம் 9.8 என்று காட்டினால், பத்தாக்குவதற்காகத் தெருவிளக்கைப் பலமுறை வலம் வருகிற அன்பரையும் நாம் பார்த்திருக்கிறோம். தெருநாய்கூட அவரைக் குரைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நேராகத் தன்னைப் புகழ்ந்துகொள்வதை நம் சமூகம் ஏற்பதில்லை. ஆகவே தற்பெருமை வேடம் புனைகிறது. ஒருநாள் நோயாக, ஒருநாள் ஐயமாக, ஒருநாள் இயற்கை ரசனையாக வருகிறது. காஞ்சியில் பட்டு வாங்குகிறவர்கள் சரிகையை உரைத்துப் பார்த்து வாங்குவதுண்டு. வெள்ளிச் சரிகையும் செம்புச் சரிகையும் கடை விளக்கில் ஒன்றுபோலவே மின்னும். உரைத்தால்தான் உள்ளிருப்பது தெரியும். இவர்களுடைய பணிவும் அத்தகையதே.

இது காஞ்சிக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். ஓட்டங்களைப் பதிந்து பிறருக்குக் காட்டும் ‘ஸ்ட்ராவா’ என்ற செயலி 2009-இல் அமெரிக்காவில் தோன்றியது. சுவீடன் மொழியில் அச்சொல்லுக்கு முயலுதல் என்று பொருள். ஆனால், 2024-இல் இந்தோனேசியாவிலிருந்து வந்த செய்தியோ, முயற்சியே இல்லாமல் அதில் பெயர் பெறும் வழியைச் சொல்லிற்று. கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவர் கணக்கில் ஓடித் தரும் இளைஞர்கள் அங்கே தோன்றினார்களாம். காசு ஒருவருடையது, கால் ஒருவருடையது, புகழ் மட்டும் காசு கொடுத்தவருடையது!

பெரிய மனிதரும் இதற்கு விலக்கல்லர். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் தூரம். அதை மூன்று மணி நேரத்துக்குள் ஓடியதாக 2012-இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட பால் ரயான் வானொலிப் பேட்டி ஒன்றில் சொன்னார். ஓட்டக்காரர்களுக்கான பத்திரிகையொன்று பழைய ஏடுகளைப் புரட்டியது. அவர் 1990-இல் ஓடிய ஓட்டத்துக்கு நான்கு மணி நேரத்துக்கும் ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டது வெளிப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் வீட்டில் சும்மா இருந்த ஓட்டம் ஒரு மணி நேரம் வேகம் கூடிவிட்டது!

நம் நாட்டு சிவ்நாத் சிங்கோ, அதே தூரத்தை 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். வெறுங்காலுடன் ஓடிப் பழகிய படைவீரர் அவர். அந்தத் தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முறியாமல் நின்றது. அவருடைய பெயரை நம் தெரு ஓட்டக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தோம். இருவருக்கே தெரிந்திருந்தது.

ஓட்டத்தில் சவால் விடுவது பழைய பழக்கம்தான். ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு கைபர் பயணத்துக்குச் சற்று முன் நடந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி ஒன்று உண்டு. மதீனா திரும்பும் வழியில், ஓட்டத்தில் எவராலும் முந்தப்படாத அன்சாரித் தோழர் ஒருவர், தம்மோடு மதீனாவரை ஓடுவார் உண்டா என்று மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டே வந்தார். ஸலமா இப்னு அல்அக்வஃ (ரலி) அவர்கள் அப்போது நபி பெருமானாரின் (ஸல்) ஒட்டகத்தில் பின்னே அமர்ந்து வந்தார்கள். அவர்கள் அனுமதி கேட்டு இறங்கி, முதல் இரண்டொரு மேடுகளில் மூச்சைச் சேமித்து, பிறகு விரைந்து அவரை முந்தினார்கள். அழைத்துக்கொண்டே வந்தவரின் பெயர் அந்த அறிவிப்பில் இல்லை.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியதே. ஆயினும் இதில் சிரிக்க முடியாத பக்கம் ஒன்று இருக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் நமக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். நாளெல்லாம் குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை மிதிக்கிற கால்கள் அவருடையவை. அவர் நெய்த சேலைகள் எத்தனையோ திருமணங்களுக்குப் போயிருக்கின்றன; ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய் கண்டது. தினமும் நடக்கும்படி மருத்துவர் சொன்னார். மகன் அவரை ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டான். ஒரு வாரம் நடந்தார், பிறகு நின்றுவிட்டார். காரணம் கேட்டோம்.

“பாய், அவங்கல்லாம் பத்துக் கிலோமீட்டர்தான்னு வருத்தப்படுறாங்க. நான் தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு இடத்துல உட்கார்றேன். இதை எங்க போய்ச் சொல்றது?”

“சொல்ல வேணாம் அண்ணே, நடந்தா போதும்” என்றோம். அவர் சிரித்துக்கொண்டு நாடாவைக் கையில் எடுத்தார். நம் சொல் அவரை எழுப்பவில்லை.

அவரை எழுப்பியது வேறொருவரின் சொல். அக்குழுவில் நன்றாக ஓடக்கூடிய ஆசிரியர் ஒருவர் ஒருநாள் எழுதினார்: “இன்று மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சு முட்டியது. ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டு நடந்தே வீடு வந்தேன்.” வேறு அலங்காரம் ஒன்றுமில்லை. மறுநாள் காலை நெசவாளரை மீண்டும் வீதியில் கண்டோம். “வாத்தியாரே உட்கார்ந்துட்டாராமே!” என்றார். அந்த முகத்தில் இருந்த நிம்மதி, பதக்கம் வாங்கியவர் எவர் முகத்திலும் நாம் காணாதது.

நோய் கண்ட ஒரு மனிதரை வீட்டுக்குள் முடக்கவும், வெளியே அழைத்து வரவும் ஒருவரிச் செய்திக்கு வலிமை இருக்கிறது. ஓடியதைச் சொல்வது குற்றமென்று நாம் கூறமாட்டோம். நல்ல செயலைச் சொன்னால் நாலுபேர் பின்பற்றுவர். வென்ற நாளை மட்டும் சொல்லித் தோற்ற நாளை மறைக்கும்போதுதான் அது முகஸ்துதியின் எல்லைக்குள் காலெடுத்து வைக்கிறது.

இதில் நமக்கு முன்மாதிரி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். நபி பெருமானாருடன் (ஸல்) பயணத்தில் ஓட்டப்பந்தயம் ஓடித் தாம் வென்றதை அறிவித்த அன்னையார், பின்னொரு நாள் தமக்கு உடல் பருத்துவிட்டதால் பெருமானார் முந்திவிட்டதையும், முன்னதற்கு இது ஈடாயிற்று என்று அவர்கள் கூறியதையும் அதே வாயால் அறிவித்தார்கள். வெற்றியையும் தோல்வியையும், தோல்வியின் காரணத்தையும் ஒளிக்காத அந்த நேர்மையில் எவ்வளவு இனிமை!

ஆதலால் ஓடும் அன்பர்களே, நன்றாக ஓடுங்கள். ஓடியதைச் சொல்லவும் செய்யுங்கள். உட்கார்ந்த திண்ணையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டு எந்த வீட்டில் யார் எழுந்து செருப்பைத் தேடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம், அல்லாஹ் அறிவான்.